சீசன் முடிந்த தீவில் திறந்திருந்த மளிகைக் கடை

"உப்பு விற்கப் போனால் மழை பெய்கிறது, மாவு விற்கப் போனால் காற்று அடிக்கிறது" என்று நம் வணிகர்கள் அலுத்துக்கொள்வதுண்டு. சீசனை நம்பிப் பிழைக்கும் ஊர்களில் கடை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பழமொழியின் பொருள் மற்றவர்களைவிட நன்றாகவே தெரியும். தென்காசியில் மளிகைக் கடை நடத்தும் எனக்கும் தெரியும். குற்றாலத்து அருவியில் தண்ணீர் வராவிட்டாலும் நமக்கு வியாபாரம் இல்லை. வெள்ளமாக வந்து குளிக்கத் தடை போட்டாலும் வியாபாரம் இல்லை!

2025 நவம்பரில் நானும் என் மனைவியும் 24 நாள் கப்பல் பயணமாக மத்தியதரைக் கடல் நாடுகளைச் சுற்றி வந்தோம். மகன் எடுத்துக் கொடுத்த சீட்டு. "இத்தனை செலவு எதற்கப்பா?" என்று கேட்டதற்கு, "இது சீசன் இல்லாத நேரம். ஜூலையில் போனால் ஆகும் செலவில் பாதிதான்" என்றான். வியாபாரிக்கு இந்தக் கணக்கு உடனே புரிந்துவிடும். கப்பலில் ஓர் அறை காலியாகப் போனால், அந்த இரவின் வாடகை போனது போனதுதான். அறையை அரிசி மூட்டை போல் அடுத்த மாதம் விற்க இருப்பு வைக்க முடியாது. அதனால்தான் பாதி விலைக்காவது தள்ளிவிடுகிறார்கள்.

பயணத்தில் பார்த்த ஊர்கள் பல. அவற்றில் நம் சங்க அன்பர்களுக்குச் சொல்லியே தீர வேண்டிய ஊர் ஒன்று உண்டு. அதுதான் கிரேக்க நாட்டின் சாண்டோரினித் தீவு.

கப்பல் கரை சேராத துறைமுகம்

வெள்ளை வீடுகளும் நீலக் கூரைக் கோயில்களும் மலை விளிம்பில் தொங்குவது போன்ற படத்தை நாள்காட்டிகளில் பார்த்திருப்பீர்கள். அந்த ஊர் இதுதான். ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன் இங்கே ஒரு பெரிய எரிமலை வெடித்தது. தீவின் நடுப்பகுதி கடலுக்குள் இறங்கிவிட, மிஞ்சிய பிறை வடிவ விளிம்பின் மேல்தான் இன்று ஊர்கள் இருக்கின்றன. தலைநகரின் பெயர் ஃபிரா. கீழே கடல், அதிலிருந்து சுவர் போல நிமிர்ந்த பாறை, அதன் உச்சியில் ஊர்.

ஃபிராவின் கீழே உள்ள பழைய துறைமுகத்தில் பெரிய சுற்றுலாக் கப்பல்கள் கரையை ஒட்டி நிற்க வழியில்லை. கடல் அவ்வளவு ஆழம். கப்பல் நடுவில் நிற்க, சிறு படகுகள் வந்து பயணிகளை ஏற்றிக்கொண்டு போகின்றன. படகு இறக்கிவிடும் இடத்திலிருந்து ஊருக்கு ஏறத்தாழ 600 படிகள். நடந்து ஏறலாம், கோவேறு கழுதையில் ஏறலாம், அல்லது பழனியில் இருப்பது போன்ற ரோப் காரில் மூன்றே நிமிடத்தில் போய்ச் சேரலாம்.

அந்த ரோப் காரைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். 1979-ல் கிரேக்கக் கப்பல் முதலாளி ஒருவரின் குடும்ப அறக்கட்டளை அதைத் தீவுக்கு நன்கொடையாகக் கட்டிக் கொடுத்தது. அதுவரை ஆட்களையும் சரக்கையும் மேலே ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் கழுதைக்காரர்கள். ரோப் கார் வந்தால் அவர்கள் வயிற்றில் அடிவிழும் அல்லவா? அதனால் ரோப் கார் வருமானத்தில் ஒரு பங்கு அவர்களுக்கும் போகும்படி ஏற்பாடு செய்தார்கள். புதிய தொழில் வரும்போது பழைய தொழில்காரனை நடுத்தெருவில் விடாத இந்த யோசனையை, சூப்பர் மார்க்கெட்டுகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாம் ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கோடையில் அந்த ரோப் காருக்கு மணிக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டியிருக்குமாம். நாங்கள் போனபோது வரிசையே இல்லை.

பூட்டிக்கிடந்த கடைத்தெரு

மேலே ஏறியதும் நேராகக் கடைத்தெரு. அங்கேதான் எனக்குத் திக்கென்றது. பத்துக் கடைக்கு ஏழு கடை பூட்டிக்கிடந்தது. நகைக் கடைகளின் கண்ணாடிக்கு உள்ளே பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. துணிக் கடைகளில் ஆடை இல்லாத பொம்மைகள் சுவரைப் பார்த்து நின்றன. உணவு விடுதிகளின் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கயிறு கட்டியிருந்தார்கள். சுத்தியல் சத்தமும் சுண்ணாம்பு வாசனையும்தான் தெருவெங்கும். ஒழுகும் கூரையைச் சரிசெய்வதும் சுவருக்கு வெள்ளை அடிப்பதும் இந்த மாதங்களில்தான் நடக்கின்றன.

கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும். தீவின் நிரந்தர மக்கள்தொகை ஏறத்தாழ 15,500. நம் ஊர்ப் பேரூராட்சி ஒன்றின் அளவு. ஆனால் ஆண்டுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளோ 30 லட்சத்துக்கும் மேல். 2023-ம் ஆண்டு சுமார் 800 சுற்றுலாக் கப்பல்கள் வந்தன. அவற்றில் மட்டும் ஏறத்தாழ 13 லட்சம் பேர். கூட்டம் அதிகமான நாட்களில் ஒரே நாளில் 17,000 கப்பல் பயணிகள் வரை இறங்கியிருக்கிறார்கள். ஊர் ஜனத்தைவிட வந்து இறங்குபவர்கள் அதிகம்! இவர்களில் பெரும்பாலோர் ஏப்ரல் முதல் அக்டோபர் வரையில்தான் வருகிறார்கள். ஏழு மாதம் சம்பாதித்து 12 மாதம் சாப்பிட வேண்டிய ஊர் அது. ஓட்டல்களிலும் கடைகளிலும் வேலை பார்த்தவர்கள் அக்டோபர் முடிந்ததும் சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். சீசன் தொழிலாளர்களுக்குக் குளிர்காலத்தில் சில மாதங்கள் அரசு உதவித்தொகை தருகிறது. கடைக்காரருக்கு அப்படித் தருபவர் யார்?

பின் தெருவில் ஒரு கடை

பெரிய தெருவை விட்டு உள்ளே நடந்தோம். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். ரொட்டிக் கடையும் மருந்துக் கடையும் திறந்திருந்தன. அடுத்து ஒரு மளிகைக் கடை. நம் கடையே போல. வாசலில் வெங்காயமும் உருளைக்கிழங்கும். உள்ளே மாவு, பாலாடைக்கட்டி, ஆலிவ் எண்ணெய் டின்கள், தக்காளி விழுது, சோப்பு, மெழுகுவத்தி. கல்லாவில் அறுபது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர். பக்கத்தில் நீளமான ஒரு நோட்டு. அது பற்று நோட்டு என்பதை மொழி தெரியாமலே கண்டுகொண்டேன்!

நானும் மளிகைக் கடைக்காரன் என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. சுற்றுலாக்காரர்களிடம் பேசிப் பழகிய ஆங்கிலம் அவருடையது. பில் போட்டுப் பழகிய ஆங்கிலம் என்னுடையது. ஒரு மணி நேரம் பேசினோம். என் மனைவிக்கு உட்கார முக்காலி கொடுத்தார்.

முதலில் ஒரு மஞ்சள் பருப்பைக் கையில் அள்ளிக் காட்டினார். 'ஃபாவா' என்று பெயர். பார்வைக்கு நம் பாசிப்பருப்பு மாதிரி இருக்கிறது. வடநாட்டுக் கேசரிப் பருப்பின் இனத்தைச் சேர்ந்தது. ஆனால் வேறு வகை. அதைக் குழைய வேகவைத்து, ஆலிவ் எண்ணெயும் வெங்காயமும் சேர்த்துச் சாப்பிடுகிறார்கள். சாண்டோரினி ஃபாவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் ஊர்ப் பெயரோடு கூடிய பாதுகாப்பு உண்டு. மதுரை மல்லிக்கும் திருவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் நம் நாட்டில் புவிசார் குறியீடு உள்ளதல்லவா, அதுபோல.

தீவின் தெற்கே அக்ரோதிரி என்ற இடத்தில், எரிமலைச் சாம்பலில் மூடிப்போன பழைய நகரத்தை 1967 முதல் தோண்டி எடுத்திருக்கிறார்கள். வீடுகளில் வரிசையாகப் பெரிய பெரிய தாழிகள். அவற்றில் தானியமும் இதே இனப் பருப்பும் கருகிய நிலையில் கிடைத்தன. அந்த இருப்புச் சரக்கில் வண்டு விழுந்திருந்ததையும் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். 3,600 ஆண்டுகளாகப் பருப்புக்கு வண்டுத் தொல்லை தீரவில்லை என்று நான் சொன்னதும், அம்மையார் விழுந்து விழுந்து சிரித்தார்.

சரக்கு வரும் வழி

தீவுக் கடைக்காரரின் முதல் கவலை சரக்குப் போக்குவரத்து. ஏதென்ஸ் அருகே உள்ள பிரேயஸ் துறைமுகத்தில் லாரியோடு கப்பலில் ஏற்றினால், சுமார் எட்டு மணி நேரத்தில் தீவின் அதினியோஸ் துறைக்கு வந்து சேரும். கோடையில் கப்பல்கள் ஏராளம். குளிர்காலத்தில் எண்ணிக்கை குறைந்துவிடும். அதிலும் பலத்த காற்று வீசினால் துறைமுக அதிகாரிகள் கப்பல் போக்குவரத்துக்கே தடை போட்டுவிடுவார்கள். அப்போது பாலும் வராது, காய்கறியும் வராது. அதனால் மாவு, எண்ணெய், பருப்பு, பால்பவுடர் இவற்றில் பத்து நாள் இருப்பு எப்போதும் இருக்க வேண்டும் என்பது அந்த அம்மையாரின் விதி. கோடையில் இந்த விதி இல்லை. "ஜூலையில் பணம் சுற்ற வேண்டும். ஜனவரியில் சரக்கு நிற்க வேண்டும்" என்றார்.

கடல் கடந்து வருவதால் சரக்கின் அடக்க விலை கூடுகிறது. இதை ஈடுகட்ட கிரேக்க அரசு 2018-ல் ஒரு மானியத் திட்டம் கொண்டுவந்தது. தரைவழியில் கொண்டுபோனால் ஆகும் செலவுக்கும் கடல்வழிச் செலவுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தீவு மக்களுக்கும் தீவு நிறுவனங்களுக்கும் திருப்பித் தருவதே அதன் நோக்கம். ஆனால் ஒரு கையால் கொடுப்பதற்கு முன்பே மறு கையால் எடுத்துவிட்டார்கள். ஈஜியன் கடல் தீவுகளுக்கு மற்ற பகுதிகளைவிட 30 சதவீதம் குறைவான மதிப்புக்கூட்டு வரி என்ற சலுகை இருந்தது. நாடு கடன் நெருக்கடியில் சிக்கியிருந்தபோது, 2015 அக்டோபரில், பணக்காரச் சுற்றுலாத் தீவுகளுக்கு அந்தச் சலுகை முதலில் ரத்தானது. அந்தப் பட்டியலில் சாண்டோரினியும் ஒன்று. நகைக் கடைக்கும் ரொட்டிக் கடைக்கும் ஒரே அளவுகோல்! சுற்றுலா ஊரில் இருப்பவர்கள் எல்லோரும் பணக்காரர்கள் என்று அரசாங்கம் நினைத்துக்கொள்வது எல்லா நாட்டிலும் உண்டு போலும்.

ஆகஸ்ட் கல்லாவில் பிப்ரவரி வாடகை

சீசன் பணத்தை எப்படிக் கையாள்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னவற்றை நம் பாணியில் சுருக்கித் தருகிறேன்.

முதலாவது, ஆகஸ்ட் மாதக் கல்லாவிலிருந்தே பிப்ரவரி மாத வாடகையை எடுத்துத் தனியாக வைத்துவிடுவார். மின்கட்டணத்துக்கும் அப்படியே. அந்தப் பணத்தை எந்தச் சரக்கு மலிவாக வந்தாலும் தொடமாட்டார்.

இரண்டாவது, தொப்பி, வெயில் களிம்பு, தண்ணீர் பாட்டில் போன்ற சீசன் சரக்குகளைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கும் மொத்த வியாபாரியிடம் மட்டுமே வாங்குவார். விலை சற்றுக் கூடுதலானாலும் பரவாயில்லை. அக்டோபர் கடைசியில் மிஞ்சும் சரக்கு லாபத்தைத் தின்றுவிடும்.

மூன்றாவது, குளிர்காலத்தில் உள்ளூர்க்காரருக்குப் பற்று உண்டு. வேலையில்லாத மாதங்களில் வாங்குபவர்கள் மே, ஜூன் மாதங்களில் தீர்ப்பார்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். கேட்டவரிடம் முகம் கோணாமல் அந்தப் பக்கத்தைக் காட்டிவிடுவாராம்.

அவர் தியாகி ஒன்றும் இல்லை. பக்கத்துத் தெருவில் இதே போல மளிகை வைத்திருந்த ஒருவர் அதை நினைவுப் பொருள் கடையாக மாற்றி, கோடையில் இவரைப்போல் நான்கு மடங்கு சம்பாதிக்கிறாராம். "எனக்குப் பொறாமைதான்" என்று ஒளிக்காமல் சொன்னார். பிறகு ஏன் நீங்கள் மாற்றவில்லை என்றேன். "ரோப் காரிலிருந்து வருகிறவர்கள் என் தெருவுக்கு வருவதில்லையே!" என்று சிரித்தார். சற்றுக் கழித்து, சிரிப்பை நிறுத்திவிட்டு இரண்டு சம்பவங்களைச் சொன்னார்.

மூடுவது நம் கையில் இல்லை

முதலாவது 2020. கொரோனாத் தொற்றால் மார்ச் மாதமே சுற்றுலாக் கப்பல்கள் நின்றன. அந்தக் கோடையில் கடைத்தெருவில் பல கதவுகள் திறக்கவே இல்லை. இவருடைய கடையிலும் விற்பனை பாதியாகக் குறைந்தது. ஆனால் கடை ஒரு நாளும் மூடவில்லை. மாவு வாங்குகிறவர்கள் மாவு வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

இரண்டாவது 2025 பிப்ரவரி. ஜனவரி கடைசியில் தொடங்கித் தீவைச் சுற்றிக் கடலடியில் ஆயிரக்கணக்கான சிறு நிலநடுக்கங்கள் ஏற்பட்டன. பிப்ரவரி 10-ல் வந்தது 5.3 அளவு. பள்ளிகள் மூடப்பட்டன, அரசு நெருக்கடி நிலை அறிவித்தது. 11,000 பேருக்கு மேல் கப்பலிலும் விமானத்திலும் தீவை விட்டு வெளியேறினார்கள். பெரியவர்களுக்கு 1956-ன் நினைவு. அந்த ஆண்டு ஜூலை 9-ல் வந்த பெரும் நிலநடுக்கத்தில் 53 பேர் மாண்டார்கள். வீடுகள் இடிந்து, பலர் தீவையே காலி செய்துவிட்டுப் போனார்கள். அப்போது இங்கே தக்காளி விழுது ஆலைகள் பல இருந்தன. திராட்சையும் பருப்பும் விளைந்தன. பிறகு சுற்றுலா வந்தது. ஆலைகள் ஒவ்வொன்றாக நின்றன. கடற்கரையில் 1945-ல் தொடங்கி 1981-ல் மூடிய ஓர் ஆலை இன்று அருங்காட்சியகம்.

"பிப்ரவரியில் நீங்களும் போய்விட்டீர்களா?" என்று கேட்டேன். மகளையும் பேரனையும் ஏதென்ஸுக்கு அனுப்பிவிட்டு, இவரும் கணவரும் தங்கிவிட்டார்களாம். தினமும் காலையில் நான்கு மணி நேரம் மட்டும் கடை. கண்ணாடிப் புட்டிகளையெல்லாம் தரையில் இறக்கி வைத்துவிட்டு வியாபாரம். வாங்க வந்தவர்கள் போக இடமில்லாத முதியவர்கள், தீயணைப்பு வீரர்கள், கட்டட வேலைக்கு வந்த வெளியூர்க்காரர்கள். கப்பல் ஏறும் முன் கடைக்கு வந்து கணக்கை முடித்துவிட்டுப் போனவர்கள் சிலர். சொல்லாமல் போனவர்கள் பலர். "நோட்டைப் பார்க்கவே பயந்தேன்" என்றார். மே மாதத்துக்குள் பெரும்பாலும் வசூலாகிவிட்டது. இரண்டு பேர் மட்டும் தீவுக்கே திரும்பவில்லை. அவர்கள் பெயரை இன்னும் அவர் அடிக்கவில்லை.

கூட்டத்துக்கும் ஒரு விலை

கூட்டம் அதிகமாவதும் தொல்லை என்பதை இப்போது அந்த ஊரே உணர்ந்திருக்கிறது. கோடையில் வீடுகளெல்லாம் பயணிகளுக்கு வாடகைக்குப் போய்விடுவதால், ஆசிரியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் குடியிருக்க இடம் கிடைப்பதில்லை. 2025 முதல் ஒரு நாளைக்கு 8,000 கப்பல் பயணிகள் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். 2025 ஜூலையில் கப்பல் பயணிகளுக்குத் தலைவரியும் வந்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை 20 யூரோ, அதாவது சுமார் 2,000 ரூபாய். ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களில் 12 யூரோ. நவம்பர் முதல் மார்ச் வரை 4 யூரோ மட்டுமே. ஆடித் தள்ளுபடிக்கும் இதற்கும் தத்துவம் ஒன்றே: கூட்டம் இல்லாத மாதத்துக்கு ஆளை இழுப்பது! நாங்கள் போனது 4 யூரோ மாதம். ஆனால் எங்கள் கப்பலில் வந்தவர்கள் பலர் பூட்டிய கடைகளைப் பார்த்து ஏமாந்து, அடுத்த ரோப் காரிலேயே இறங்கிவிட்டார்கள். வரியை மட்டும் குறைத்தால் போதாது, கடையும் திறந்திருக்க வேண்டும். கடை திறக்க ஆள் வர வேண்டும். ஆள் வரக் கடை திறந்திருக்க வேண்டும். யாராவது ஒருவர் முதலில் கதவைத் திறந்தால்தான் இந்த முடிச்சு அவிழும்.

நமக்கு என்ன?

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய சொந்தக் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பயணத்துக்கு முன் என் கடையின் பாதியைப் பிரித்து, சீசன் சரக்குக் கடையாக்க நினைத்திருந்தேன். சிப்ஸ், அல்வா, மசாலாப் பொருட்கள், விளையாட்டுச் சாமான். சாரல் மாதங்களில் ஒன்று; அய்யப்ப பக்தர்கள் வரும் கார்த்திகை, மார்கழியில் ஒன்று என இரண்டு சீசன். லாபம் நிச்சயம். இடத்துக்காகப் பற்று வாடிக்கையாளர்களை மெல்ல மெல்லக் கழற்றிவிடுவது என்றும் முடிவு. வசூலுக்கு அலைவது மிச்சம் என்று தோன்றியது.

ஊர் திரும்பியதும் பழைய கணக்குப் புத்தகத்தை எடுத்தேன். 2020-ல் குற்றாலத்து அருவிகள் சீசன் முழுவதும் மூடிக்கிடந்தனவே, அந்த ஜூன், ஜூலை, ஆகஸ்டில் என் கல்லாவில் விழுந்த பணம் யாருடையது என்று பார்த்தேன். ஏறத்தாழ எல்லாமே அந்தப் பற்று நோட்டுக்காரர்களுடையது!

சீசன் வியாபாரம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. காற்றுள்ளபோது தூற்றிக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் காற்றை மட்டும் நம்பிக் களத்தை விற்றுவிடக் கூடாது. முன்வாசல் மேடையில் ஆறு அடி மட்டும் சீசன் சரக்குக்கு ஒதுக்கியிருக்கிறேன். அதுவும் திருப்பி எடுத்துக்கொள்ளும் சரக்கு மட்டும். உள்ளே மளிகை மளிகையாகவே இருக்கிறது. பற்று நோட்டின் முதல் பக்கத்தில் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே எல்லை எழுதியாயிற்று. இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள்; மறுவாரம் வந்துவிட்டார்கள்.

வணிக அன்பர்களே, நீங்கள் கொடைக்கானலிலோ வேளாங்கண்ணியிலோ இராமேசுவரத்திலோ கடை வைத்திருக்கலாம். தீபாவளி, பொங்கல் என்று ஆண்டுக்கு இரண்டு மாதத்தை நம்பியிருப்பவராகவும் இருக்கலாம். இந்த வாரம் ஒரு நாள் கணக்குப் புத்தகத்தைத் திறந்து, சீசன் இல்லாத ஒரு மாதத்தைப் பாருங்கள். அந்த மாதத்தில் உங்கள் கடைக்கு வந்தவர்கள் யார் யார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். சீசன் மாதத்தில், கூட்டத்துக்கு நடுவே அவர்கள் வந்து நின்றால், முதலில் அவர்களுக்குச் சரக்கைக் கட்டிக் கொடுங்கள்.